பிளவுபடும் நிலமும் பிளவுகளின் படமும்

நிலம் அசையாது என்னும் நம்பிக்கையின் மேல்தான் மனிதன் வீடு கட்டுகிறான். கடல் அலையும், காற்றுத் திசை மாறும், ஆறு தன் கரையை மாற்றிக்கொள்ளும். நிலம் ஒன்றே நின்ற இடத்தில் நிற்கும் என்று நாம் எண்ணுகிறோம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஒருவருடைய வாழ்நாள் முழுவதிலும் ஒரு முறைகூடப் பொய்க்காமற் போகலாம். ஆயினும் மனிதனின் வாழ்நாள் நிலத்தின் கணக்கில் ஒரு கணப்பொழுதேயாகும். அந்த நெடுங்கணக்கை மனிதன் எவ்வாறு படித்தறிகிறான் என்பதையே இங்குக் காண்போம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் மலாவி என்று ஒரு சிறிய நாடு உண்டு. அந்நாட்டின் வடகோடியில், மலாவி ஏரியின் மேற்குக் கரையில், கரோங்கா என்னும் ஊர் அமைந்துள்ளது. 2009ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவ்வூரை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. இரண்டே நாட்களில் மற்றொன்று வந்தது. 12ஆம் நாள் மேலும் ஒன்று. முதல் அதிர்ச்சியே பெரிது, பின்னர் வருபவை படிப்படியாகச் சிறுத்துவிடும் என்பது பொது வழக்கு. கரோங்காவில் அவ்வழக்கு நிற்கவில்லை. 19ஆம் நாள் வந்த அதிர்ச்சியே எல்லாவற்றிலும் பெரியதாக இருந்தது. அதன் அளவு 6.0. ஆயிரக்கணக்கான வீடுகள் சிதைந்தன, உயிர்களும் பலியாயின. அந்நாட்டில் டிசம்பர் மழைக்காலம். வீட்டுக்குள் உறங்க அஞ்சிய மக்களுக்கு வெளியேயும் நிழலில்லை.

ஊரை அடுத்த நிலத்தில் பல கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றே தாழ்ந்து கிடந்தது. அவ்விடத்தில் அப்படியொரு பிளவு இருப்பதை நிலநூல் அறிஞர் எவரும் அதற்கு முன் தம் படத்தில் குறித்திருக்கவில்லை. அவ்வட்டாரத்தின் பெரும் பிளவு ஏரியின் கிழக்குக் கரையில் லிவிங்ஸ்டன் மலையடியில் உள்ளது. எல்லோருடைய கவனமும் அதன்மேலேயே இருந்தது. அசைந்ததோ மேற்குக் கரையில் இருந்த, பெயர் அறியாப் பிளவு. படத்தில் இல்லாத பிளவினால் வீடிழந்த மக்களின் கதை, அப்படத்தை ஏன் வரையவேண்டும் என்பதற்குப் போதிய விடையாகும்.

மலாவியின் நிலம் ஏன் பிளவுபடுகிறது என்பதை முதலில் அறிவோம். எத்தியோப்பியாவில் தொடங்கி, கென்யா, உகாண்டா, தான்சானியா, மலாவி நாடுகளின் வழியே மொசாம்பிக்வரை ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஒரு நீண்ட பள்ளம் செல்கிறது. இதனைப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு என்பர். 1893ஆம் ஆண்டில் ஜான் வால்டர் கிரிகரி என்னும் ஆங்கில நிலநூல் அறிஞர் கென்யாவுக்குச் சென்று இதனை ஆராய்ந்தார். பள்ளத்தாக்குகள் பொதுவாக ஆறுகள் அரித்ததனால் உண்டானவை. இதுவோ அவ்வாறு உண்டானதன்று என அவர் கண்டார். இருபுறமும் ஏறத்தாழ இணையாக நிற்கும் சுவர்களுக்கு இடையில் தரையே கீழே இறங்கியிருக்கிறது என்பது அவருடைய முடிவு. இரண்டு கைகளுக்கு இடையில் வரிசையாகப் பிடித்த புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கைகளைச் சற்றே அகற்றினால் நடுவிலுள்ள புத்தகங்கள் சறுக்கிக் கீழே இறங்கும். கண்டம் இருபுறமும் இழுபடும்போது நடப்பதும் இதுவே.

அந்த இழுப்பு மிக மெதுவானது. எத்தியோப்பியாவில் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். தெற்கே மலாவிக்கு வரும்போது ஓரிரு மில்லிமீட்டரே. நம் விரல் நகம் ஒரு மாதத்தில் வளரும் அளவைவிட இது குறைவு. ஆனால் இவ்வாறு பல இலட்சம் ஆண்டுகள் நடந்ததன் விளைவாகவே 700 மீட்டர் ஆழமுள்ள மலாவி ஏரியும், அதைவிட இருமடங்கு ஆழமுள்ள தங்கனீக்கா ஏரியும் உண்டாயின.

இழுக்கப்படும் பாறை இரப்பரைப்போல நீண்டுகொண்டே போவதில்லை. ஓரளவு வளைந்து தாங்கும். தாங்க இயலாதபோது உடையும். அவ்வாறு உடைந்து, இருபக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்த இடத்தையே நிலநூலார் பிளவுப்பெயர்ச்சி என்பர். சுருக்கமாகப் பிளவு எனலாம். ஒரு முறை உடைந்த இடம் எப்போதும் வழுக்கிக்கொண்டே இராது. உராய்வு அதனைப் பிடித்து நிறுத்தும். இழுப்போ நிற்பதில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாக இழுவிசை சேர்ந்து, ஒரு நாள் உராய்வை வெல்லும். பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்த நகர்வு சில நொடிகளில் நடந்தேறும். அதுவே நிலநடுக்கம்.

இத்தகைய பிளவுகளால் கிழக்கு ஆப்பிரிக்கா அடைந்த துன்பம் சிறிதன்று. 1910ஆம் ஆண்டு டிசம்பரில், இன்றைய தான்சானியாவின் ருக்வா வட்டாரத்தில் 7.4 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. 1928ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் கென்யாவின் சுபுகியாவில் நேர்ந்த நடுக்கத்தில் நிலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளந்தது. 1966ஆம் ஆண்டு மார்ச்சில் உகாண்டாவின் தோரோ வட்டாரத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாவியிலேயே 1989ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சலீமா வட்டாரத்தில் நேர்ந்த நடுக்கத்தில் ஒன்பது பேர் இறந்தனர். சுமார் 50,000 மக்கள் வீடிழந்தனர்.

இந்தப் பட்டியலைக் கொண்டே வரும் ஆபத்தைக் கணக்கிடலாகாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் உலகில் பரவிச் சுமார் நூற்றிருபது ஆண்டுகளே ஆயின. ஆப்பிரிக்காவின் இப்பகுதியில் எழுதப்பட்ட வரலாறும் அதைவிட அதிகம் பழையதன்று. லிவிங்ஸ்டன் மலாவி ஏரியை அடைந்தது 1859ஆம் ஆண்டில்தான். ஒரு பிளவு பல ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை அசையுமானால், நூறு ஆண்டுப் பதிவில் அதன் பெயர் வாராமற்போவது இயல்பே. பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வெள்ளம் வரும் ஆற்றை இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இவ்வாறு கரை கடவாது என்று கூறுவது எவ்வாறோ, அவ்வாறே நூறாண்டு அமைதியைப் பார்த்து இப்பிளவு உறங்கிவிட்டது என்று கூறுவதும். கருவிகள் கேளாததை நிலம் தன் மேனியில் எழுதி வைத்திருக்கிறது. அதனைப் படிப்பதே பிளவுகளைப் படமாக்கும் கலை.

முதற்படி, உயரத்திலிருந்து பார்ப்பது. முன்னாளில் விமானத்திலிருந்து எடுத்த இரட்டைப் புகைப்படங்களைக் கண்ணாடிக் கருவியின் வழியே நோக்கி, மேடு பள்ளங்களைக் கண்டறிந்தனர். இன்று செயற்கைக் கோள்கள் அப்பணியைச் செய்கின்றன. ஜெர்மனியர் செலுத்திய இரட்டைக் கோள்கள், ரேடார் அலைகளைக்கொண்டு நிலப்பரப்பின் உயரத்தைப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளியாக அளந்துள்ளன. மனிதர் எளிதிற் செல்ல இயலாத இடத்திலும் இரண்டு மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு திட்டு நேர்கோடாகப் பல கிலோமீட்டர் செல்லுமானால் அப்படத்தில் புலப்படும். அத்தகைய திட்டே பிளவுச்சரிவு எனப்படும்.

ஆனால் திட்டுகள் எல்லாம் பிளவுச்சரிவுகள் ஆகா. மெல்லிய பாறை கரைந்து வல்லிய பாறை நிற்குமிடத்திலும் அத்தகைய திட்டு உண்டாகும். மேலும், நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்து, அன்றே ஓய்ந்துவிட்ட பழம்பிளவுகளும் பல. ஆகவே அறிஞர் இரண்டாம் படியாக நேரிற் சென்று பார்க்கின்றனர். ஓடைகள் அத்திட்டைக் கடக்கும் இடத்தில் சிறு அருவியாக விழுகின்றனவா? அண்மைக் காலத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும்கூட வெட்டுண்டு மேலும் கீழுமாக நிற்கின்றனவா? திட்டின் வழியே வெந்நீர் ஊற்றுகள் உள்ளனவா? இளமையான மண் வெட்டுண்டிருந்தால், வெட்டிய பிளவு அம்மண்ணைவிட இளமையான காலத்தில் அசைந்திருக்கவேண்டும். இந்த எளிய நியாயமே, உயிருள்ள பிளவை உறங்கும் பிளவினின்றும் பிரித்துக் காட்டும் அளவுகோல்.

மூன்றாம் படி, தோண்டிப் பார்ப்பது. பிளவுச்சரிவின் குறுக்கே ஓர் ஆழமான அகழி வெட்டி, அதன் சுவரைச் செதுக்கித் துலக்குகின்றனர். ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் ஒரு புதிய செங்குத்துத் திட்டு எழும். பின்னர் மழையிலும் வெயிலிலும் அதன் விளிம்பு உதிர்ந்து, அடியில் ஆப்பு வடிவில் மண் குவியும். அடுத்த நடுக்கம் அக்குவியலையும் உடைத்து, அதன்மேல் மற்றொரு குவியலை உண்டாக்கும். அகழிச் சுவரில் இவ்வாப்புகளை எண்ணினால் எத்தனை முறை நிலம் அசைந்தது என்று கூறலாம். மண்ணில் புதைந்த கரித்துண்டில் எஞ்சியுள்ள கார்பன் 14 என்னும் பொருளை அளந்தால், அக்காலத்தையும் ஏறத்தாழக் கணக்கிடலாம். மரத்தின் வளையங்களை எண்ணி வயதறிவதுபோன்றது இது.

நீருக்கடியில் உள்ள பிளவுகளை என் செய்வது? மலாவிப் பள்ளத்தின் பெரும்பகுதி ஏரியாகவே உள்ளது. அங்கே கப்பலிலிருந்து ஒலியலைகளை அனுப்பி, அடித்தளப் படிவுகளில் பட்டு மீளும் எதிரொலியைப் பதிவு செய்கின்றனர். அவ்வெதிரொலிகள் அடுக்கடுக்கான படிவுகளையும், அவை எங்கெங்கே வெட்டுண்டுள்ளன என்பதையும் காட்டும். 2005ஆம் ஆண்டில் ஏரியின் அடித்தளத்தைத் துளைத்து நீண்ட மண் தண்டுகளை எடுத்தனர். ஏரி பெரிதும் வற்றிக் கிடந்த கொடும் வறட்சிக் காலங்கள் சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றதற்கான சான்று அவற்றிற் கிடைத்தது. அக்காலத்துப் படிவு எதிரொலிப் படத்திலும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பிளவு அப்படிவை, எடுத்துக்காட்டாக, 30 மீட்டர் கீழே இறக்கியிருந்தால், அதன் வேகம் ஆண்டுக்கு 0.4 மில்லிமீட்டர் என்பது சிறுவனும் போடக்கூடிய கணக்கு. ஏரியின் அடியிற் கிடந்த சேறே இங்குக் கடிகாரமாக உதவுகிறது.

இவ்வழிகளாலெல்லாம் கிடைத்த செய்திகளைத் திரட்டி, மலாவி நாட்டு அறிஞரும் பிற நாட்டு அறிஞரும் சேர்ந்து அந்நாட்டின் உயிருள்ள பிளவுகளை அண்மை ஆண்டுகளில் ஒரே தொகுப்பாக வெளியிட்டுள்ளனர். நிலத்திலும் ஏரியிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட பிளவுகள் அதில் இடம் பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று பிலிலா–முத்தகத்தகா பிளவு. ஏரியின் தென்பகுதிக்கு மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் அது நீண்டு செல்கிறது. சில இடங்களில் அதன் சரிவு பத்து மீட்டருக்கும் உயர்ந்து நிற்கிறது. அவ்வளவும் ஒரே நிலநடுக்கத்தில் எழுந்ததாக இருக்கலாம் என முதலில் கருதினர். பின்னர் நுணுகி அளந்தபோது, பல தடவைகளில் பகுதி பகுதியாக உயர்ந்ததற்கான குறிகள் தென்பட்டன. இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் சர்க்கரையன்று. ஏனெனில், பிளவு எவ்வளவு நீளம் ஒருமிக்க உடைகிறதோ அதற்கேற்பவே நடுக்கத்தின் பெருமையும் அமையும்.

உலகெங்கும் அளந்து கண்ட பட்டறிவின்படி, பத்துக் கிலோமீட்டர் நீளம் உடைந்தால் நடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6.2 ஆகும், நூறு கிலோமீட்டர் உடைந்தால் ஏறத்தாழ 7.4 ஆகும். இந்த எண்களின் இடைவெளி பார்வைக்குச் சிறிது. ஆனால் அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும் என்பதை மறத்தலாகாது. மலாவியில் இன்னொரு கவலையும் உண்டு. பல நாடுகளில் நிலத்தோட்டின் மேற்பகுதியான பதினைந்து கிலோமீட்டர் ஆழத்திற்குள்ளேயே பாறை நொறுங்கி உடையும். அதன்கீழ் வெப்பத்தால் இளகி வளையும். மலாவியிலோ பாறை பழமையானது, குளிர்ந்தது. முப்பது கிலோமீட்டருக்கும் கீழே நடுக்கங்கள் பிறக்கின்றன. ஆழமாக உடையும் பிளவின் பரப்பு மிகுதி. ஆகவே அது தரக்கூடிய நடுக்கமும் பெரிது.

இனி, எத்தனை காலத்திற்கு ஒரு முறை? கணக்கு எளிதே. ஒரு பிளவு ஒவ்வொரு நடுக்கத்திலும் 3 மீட்டர் நகர்வதாகவும், அதன் நெடுங்கால வேகம் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் சேர 6,000 ஆண்டுகள் ஆகும். அப்படியானால் அஞ்சவேண்டியதில்லை என்று கூறிவிடலாமா? கூறலாகாது. அத்தகைய பிளவுகள் ஒரு நாட்டில் அறுபது இருந்தால், ஒவ்வொன்றும் ஆறாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை அசைந்தாலும், நாடு முழுமைக்கும் சராசரியாக நூறாண்டுக்கு ஒரு பெருநடுக்கம் வந்துவிடும். தனித்தனியே பார்க்கும்போது அரிதாகத் தோன்றும் ஆபத்து, கூட்டிப் பார்க்கும்போது நம் பேரர்களின் காலத்துக்குள் வந்து நிற்கிறது. எல்லாப் பிளவுகளையும் தேடிக் குறிக்கவேண்டியதன் காரணமும் இதுவே.

இவ்வெண்களை அறிஞர் உறுதியான சொற்களாகக் கூறுவதில்லை. வேகம் பாதியாக இருந்தால் இடைவெளி இருமடங்காகும். பிளவு முழுவதும் உடையாமல் பாதி உடைந்தால் நடுக்கம் சிறுத்து, அடிக்கடி வரும். ஆகவே குறைந்தது இவ்வளவு, மிகுந்தது இவ்வளவு என்று பல வழிகளிலும் கணக்கிட்டு, ஒவ்வோர் இடத்திலும் நிலம் எவ்வளவு கடுமையாகக் குலுங்கக்கூடும் என்பதற்கு ஒரு வாய்ப்புக் கணக்குத் தருகின்றனர். நாளும் கிழமையும் சொல்வது அவர் வேலையன்று. அதனைச் சொல்லவல்லார் எவரும் இன்றில்லை.

நாளைக் கூறாத படத்தினால் என்ன பயன் எனில், பயன் உண்டு. மலாவியின் மக்கள் தொகை 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம். அவர்களுள் பெரும்பாலார் சுட்ட செங்கல்லையோ சுடாத மண்கல்லையோ சேறு வைத்து அடுக்கிய வீடுகளில் வாழ்கின்றனர். நிலநடுக்கம் மனிதரைக் கொல்வது அரிது; இடிந்து விழும் சுவரே கொல்லும். அந்நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி, பிளவுப் பள்ளத்தின் வழியே ஓடும் ஷிரே ஆற்றின் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அணையும் பாலமும் எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது, கட்டுமிடத்தில் எவ்வளவு உறுதி வேண்டும் என்பதற்கெல்லாம் அப்படமே வழிகாட்டும். சுவரின் மூலைகளைப் பிணைத்துக் கட்டுதல், சன்னல் வாயில்களுக்கு மேலே சுற்றிலும் ஒரு வளையமாக இணைப்புக் கொடுத்தல், கூரையின் பாரத்தைக் குறைத்தல் ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. செல்வமில்லா நாடு எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் ஒரே காலத்தில் செய்ய இயலாது. எங்கே முதலிற் செய்வது என்பதைப் படம் கூறும்.

இது தொலைவிலுள்ள நாட்டின் கதைதானே என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஆப்பிரிக்காவும் இந்தியாவும் ஒருகாலத்தில் ஒரே பெருநிலமாக இருந்தவை. அப்பெருநிலம் பிரிந்தபோது உண்டான பழைய பிளவுப் பள்ளங்களுள் ஒன்றே குஜராத்தின் கச்சு வட்டாரம். அன்று இழுக்கப்பட்டு உடைந்த பாறைகள் இன்று நெருக்கப்படுகின்றன. பழைய பிளவுகளே எதிர்த்திசையில் அசைகின்றன. 1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அங்கு நேர்ந்த நிலநடுக்கத்தில், ரண் பாலையின் நடுவே பல மைல் நீளமுள்ள ஒரு மேடு எழுந்து ஆற்றின் ஓட்டத்தையே தடுத்தது. மனிதர் கட்டிய அணைகளினின்று வேறுபடுத்தி, அம்மக்கள் அதனை அல்லா பந்து, அதாவது இறைவன் கட்டிய அணை, என்று அழைத்தனர். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், நாடு குடியரசுத் திருநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலைப்பொழுதில், அதே கச்சில் நேர்ந்த நடுக்கம் சுமார் 20,000 உயிர்களைக் கவர்ந்தது. அதனை உண்டாக்கிய பிளவு மேற்பரப்பை முறையாக உடைக்காமல் ஆழத்திலேயே நின்றுவிட்டது. 1997ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஜபல்பூரை உலுக்கிய நடுக்கமும் நருமதையின் வழியே செல்லும் தொன்மையான பிளவு வட்டாரத்தைச் சேர்ந்ததே.

கரோங்காவும் கச்சும் நமக்கு ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. படத்தில் உள்ள பிளவு எச்சரிக்கை. படத்தில் இல்லாத இடம் பாதுகாப்புக்கு உறுதிமொழியன்று. ஆகவே பிளவுகளின் படம் ஒரு முறை வரைந்து பெட்டியில் வைக்கும் பொருளாகாது. புதிய அகழி ஒன்று தோண்டும்போதும், புதிய நடுக்கம் ஒன்று பதிவாகும்போதும் அது திருத்தப்பட வேண்டும். திருத்திய படம் அறிஞர் மேசையிலேயே தங்காமல், கொத்தனார் கைக்கும் ஊராட்சியின் பார்வைக்கும் சென்று சேரவேண்டும்.

நிலம் அசையும் நாளை நாம் மாற்ற இயலாது. ஆனால் அது தன் மேனியில் எழுதிவைத்த வரிகளை முன்கூட்டியே படித்து, அதற்கேற்ப வீட்டின் சுவரைப் பிணைத்துக் கட்டலாம். அடுத்த முறை நிலம் குலுங்கும் இரவில், அச்சுவர் நின்றால் அதனுள் உறங்கும் குழந்தைகள் பிழைப்பர். ஓர் அகழியின் சுவரில் மண்ணின் ஆப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும் அறிஞரின் உழைப்பு எல்லாம் அந்த ஒரு பயனுக்கே.